இல்லாத ரிமோட்டுக்குத் திறந்த கதவு

முதல்லயே சொல்லிடுறேன், பேய் பிசாசுக் கதைன்னா எழும்பிப் போயிடுற ஆள் நான். வீட்டுல யாராவது ஆவி அது இதுன்னு ஆரம்பிச்சா முதல்ல சிரிக்கிறவனும் நான்தான். கண்டிக்குப் பக்கத்துல கட்டுகஸ்தோட்டையில சின்னதா ஒரு கடை, ரோலர் டோருக்கு மோட்டர் பூட்டுறது, ரிமோட் புரோகிராம் பண்ணுறது, கீபேட் ரிப்பேர் பாக்குறது, இதுதான் தொழில். கரண்ட் வந்தா கதவு ஏறும், வராட்டி ஏறாது, இதுக்குள்ள ஆவிக்கு என்ன வேலைன்னு கேப்பேன். நீங்க இப்ப என்னைப் பாக்குறீங்களே, அதே பார்வையைத்தான் நானும் மத்தவங்க மேல பாத்திருக்கேன், அதனால நம்பாட்டியும் எனக்குக் கோவம் இல்ல.

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம். கண்டி டவுனுக்கு மேல மலைச்சரிவுல ஒரு வீடு, யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தங்களும் அவங்க வீட்டுக்காரரும் இருந்தாங்க, அவரு எஞ்சினியர். கராஜுக்கு மோட்டர் பூட்டினதே நான்தான். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுத்தாலே பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு இது ஏன் அது ஏன்னு கேட்டுக் கேட்டு உயிரை எடுப்பாரு, நல்ல மனுஷன். ஒருநாள் காலையில வேலைக்குப் போனவரு திரும்பி வரல. அந்தக் காலத்துல ஆளைத் தூக்கிட்டுப் போற வெள்ளை வேன் ஒண்ணைப் பாதையில கண்டதா ஒருத்தர் சொன்னாரு, மறுநாள் கேட்டா நான் எதையும் காணலன்னுட்டாரு. பேராதனைப் பக்கம் கார் மட்டும் கிடைச்சுது. சாவி கார்லயே இருந்துச்சாம், கராஜ் ரிமோட்டைக் காணோம்.

எட்டு மாசம் கழிச்சு டீச்சரோட அண்ணன் கொழும்புல இருந்து வந்து என்னைக் கூப்பிட்டாரு. அவரு குடும்பத்தோட கனடா போறாரு, தங்கச்சிக்கும் விசா வந்தாச்சு, ஆனா அவங்க அசையவே மாட்டேங்கிறாங்க. ஏன்னு கேட்டா கதவைக் காட்டுறாங்க. தினம் சாயந்தரம் ஐஞ்சே முக்காலுக்கு அந்தக் கராஜ் கதவு தானா ஏறுதாம், கொஞ்ச நேரம் நிக்குதாம், தானா இறங்குதாம். அது எஞ்சினியர் வேலை முடிஞ்சு வர்ற நேரம்.

"இது மெஷின்ர பிழையெண்டு அவளுக்குக் காட்டவேணும் தம்பி," அப்படின்னாரு அண்ணன். "இல்லாட்டி இவளை இஞ்ச தனிய விட்டிட்டுத்தான் போகவேணும். இந்த நிலைமையில அது செய்யக்கூடிய காரியமோ?"

அவரு சொல்றது நியாயம்தான். அந்த ரிமோட் இப்ப எவன் கையில இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

ரிமோட் தொலைஞ்சா நாங்க செய்றது ஒண்ணுதான். மேல மோட்டருக்குப் பக்கத்துல, ரிமோட் சிக்னலை வாங்குற ரிசீவர் பெட்டியில இருக்கிற சின்னப் பட்டனை லைட் அணையுற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சா அதுல பதிஞ்சதெல்லாம் அழிஞ்சுடும், அப்புறம் கையில இருக்கிற ரிமோட்டை ஒவ்வொண்ணா திரும்பப் பதியணும். தொலைஞ்சதை மட்டும் தனியா அழிக்கவும் முடியாது, அதை மட்டும் மிச்சம் வைக்கவும் முடியாது. நான் ஏணியில நிக்கிறேன், டீச்சர் கீழ வந்து நின்னாங்க.

"அவற்ற ரிமோட்டையும் சேத்தோ தம்பி அழிக்கிறியள்?"

"ஆமா டீச்சர், வேற வழி இல்ல."

"அப்ப அவர் வந்தா?"

"பெல் அடிப்பாரு டீச்சர்"னு சொன்னேன். இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு.

அழிச்சேன். எந்தக் கதவுக்கும் பழக்கலாம்னு யூனிவர்சல் ரிமோட் வருமே, அதுல ரெண்டு பதிஞ்சு குடுத்தேன். வெளிச்சுவர்ல நம்பர் அமுக்கித் திறக்குற கீபேட் மழையில ஊறியிருக்கும்னு அதோட வயரையும் கழட்டிட்டு வந்துட்டேன். மறுநாள் சாயந்தரம் அண்ணன் போன் பண்றாரு, திறந்துடுச்சாம்.

எனக்கு மண்டை காஞ்சு போச்சு. கீழ இருக்கிற ஆமி செக்பாயிண்டோட வாக்கி டாக்கி சிக்னலா இருக்குமோன்னு யோசிச்சேன். அக்கம்பக்கத்து வீடெல்லாம் ஏறி இறங்கினேன், ஒரே ஒரு வீட்டுலதான் மோட்டர், அதுவும் வேற ரகம். கடைசியில ரிசீவரையே மாத்திட்டேன், உறை பிரிக்காத புதுப் பெட்டி, அலைவரிசையும் வேற. ரிமோட் ரெண்டையும் அதுக்குப் பழக்கினேன். அந்தப் பெட்டியில ஒரு வசதி, பட்டனை லேசாத் தொட்டா எத்தனை ரிமோட் பதிஞ்சிருக்கோ அத்தனை தடவை லைட் மின்னும். தொட்டேன், ரெண்டு. இனி இது ஏறினா நான் தொழிலையே விட்டுடுறேன்னு அண்ணன்கிட்ட வீறாப்பாச் சொன்னேன்.

மூணு பேரும் கராஜுக்குள்ளேயே கதிரை போட்டு உக்காந்தோம். ரிமோட் ரெண்டுலயும் பேட்டரியைக் கழட்டி, கவுத்து வச்ச வாளி மேல எல்லாரும் பாக்கிற மாதிரி வச்சேன். வெளியில நல்ல மழை.

ஐஞ்சே முக்கால். மேல ரிலே டிக்குன்னுச்சு, மோட்டர் சுத்துது, கதவு ஏறுது. நம்பினா நம்புங்க, திரும்பி வாளியைப் பாத்தேன், ரிமோட் ரெண்டும் அப்படியே கிடக்கு. வெளியில மழையும் நனைஞ்ச சீமெந்துத் தரையும்தான், ஒரு ஈ காக்கா இல்ல. டீச்சர் எழும்பினாங்க, வாசலுக்கு ஓடுவாங்கன்னு நினைச்சேன், ஓடல. கதிரையைத் தூக்கிக்கிட்டு சுவரோரமா ஒதுங்கி நின்னாங்க. கார் உள்ள வர இடம் விடுறாங்கன்னு விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்துச்சு. அரை நிமிஷம் இருக்கும், கதவு இறங்கிடுச்சு.

"பெட்டிப் பட்டனை அமத்திப் பாருங்கோ, எத்தினை?" அப்படின்னாரு அண்ணன்.

ஏணியில ஏறினேன், கையால மறைச்சுக்கிட்டுத் தொட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. பதியிற பட்டனை அமுக்காம மூணாவது சேரவே முடியாது, இதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன். திரும்பி அண்ணன் முகத்தைப் பாத்தேன். மூணுன்னு சொன்னா இந்த அம்மா இந்த வீட்டை விட்டு நகரவே மாட்டாங்க, தனியா, இந்தக் காலத்துல.

"ரெண்டுதான்," அப்படின்னேன். "மோட்டரோட போர்ட் பழசு சார், கரண்ட் கூடிக் குறையுறப்போ தானா இழுக்குது." சொன்னது பூரா பொய்.

"சரி தம்பி," அப்படின்னாங்க டீச்சர், அவ்வளவுதான்.

ரெண்டு வாரத்துல வீட்டை வித்துட்டாங்க. புறப்படுறதுக்கு முதல் நாள் பஸ் பிடிச்சு என் கடைக்கு வந்தாங்க.

"நீங்கள் ரெண்டெண்டு சொன்னது ஏனெண்டு எனக்கு விளங்குது. நானும் எண்ணினனான். கூரைத் தகட்டில மூண்டு தரம் வெளிச்சம் விழுந்தது."

மடிச்ச கடதாசி ஒண்ணை மேசையில வச்சாங்க. "கனடா நம்பர். அவர் வந்தா குடுங்கோ."

"என்கிட்ட எப்படி டீச்சர் வருவாரு?"

"அந்தக் கதவு உங்களுக்குத்தானே தெரியும்," அப்படின்னுட்டுப் போயிட்டாங்க.

கடதாசி கொஞ்ச காலம் என் மேசை லாச்சியில கிடந்துச்சு. பிரிச்சுப் பாக்கவும் மனசு வரல, வீசவும் மனசு வரல. அப்புறம் வீட்டை வாங்கினவங்க கீபேட் பூட்டக் கூப்பிட்டாங்க. என்ன நினைச்சுச் செஞ்சேன்னு கேக்காதீங்க, ரிசீவர் பெட்டியைத் திறந்து அதுக்குள்ள கடதாசியை வச்சு, ஸ்க்ரூவை இறுக்கி, மூடுற இடத்துல என் கடை ஸ்டிக்கரை ஒட்டினேன். வேற ஆள் கை வச்சா கிழிஞ்சு காட்டிக் குடுக்கட்டும்னு நாங்க எல்லாப் பெட்டியிலயும் ஒட்டுறதுதான். கதவு தானா ஏறுதான்னு வீட்டை வாங்கினவர்கிட்ட சாடையாக் கேட்டேன். "அப்பப்ப ஏறுது, காத்தா இருக்கும்"னாரு.

ஏழெட்டு மாசம் போயிருக்கும், இன்னொரு ரிமோட் பதியணும்னு திரும்பக் கூப்பிட்டாங்க. ஸ்டிக்கர் ஒட்டினபடி அப்படியே இருந்துச்சு, ஓரம்கூட கிளம்பல. நகத்தால கிழிச்சுத் திறந்தேன். கடதாசி இல்ல. எலி நுழையுற ஓட்டை கிடையாது, வயர் போற துவாரம் விரலளவு. ஏணியை விட்டு இறங்கித் தரையெல்லாம் தேடினேன், வீட்டை வாங்கினவர் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. யாராவது பெட்டியைத் தொட்டாங்களான்னு கேட்டேன், இல்லன்னாரு. கதவு எப்படின்னு கேட்டேன், இப்பெல்லாம் தொந்தரவே இல்லையாம்.

இது நடந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எஞ்சினியரைப் பத்தி ஒரு தகவலும் கிடையாது. அந்த நம்பரை நான் வேற எதுலயும் எழுதி வைக்கல, டீச்சருக்கு அப்புறம் ஏதும் போன் வந்துச்சான்னு கேக்க எனக்கு ஒரு வழியும் இல்ல.