பிராசசர் மாற்றிய மாதம்

சென்ற ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். மகளின் கணினிக்குப் பிராசசரை எந்தக் கம்பெனியில் வாங்குவது? இதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று கணினிகளிலும் ஒரே கம்பெனியின் பிராசசர்தான். அவை வந்த தேதிகளும் பழுதான தேதிகளும் என் நோட்டுகளில் இருக்கின்றன. வேறு கம்பெனிக்கு மாறினால் மதர்போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். வருடத்தில் ஒருமுறைதான் அப்படி ஒரு செலவை நினைத்துப் பார்க்க முடியும். தவறாக வாங்கிவிட்டு, மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாலையில் ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் இருப்பாள். மற்ற நால்வரும் சென்னை, கோவை, மதுரைப் பெண்கள். அவள் அவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். ஒரு போட்டியின் தகுதிச் சுற்று மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இருந்தது. ஆனால் எங்கள் கணினி ஆட்டத்தின் நடுவே பட்டென்று அணைந்துவிடும்; பிராசசர்தான் காரணம் என்று நினைத்தோம். தானாக எழுந்து, பழையபடி ஆட்டத்துக்குள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கோவையிலிருந்த அணித்தலைவி, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டாள். மகள் இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்ல எனக்குத் தெரிந்திருக்கும்.

நான் பட்டுச் சேலை வியாபாரி. வீட்டின் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். தெரியாத விஷயத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றுதான்: எழுதி வைப்பது. கணினி அணையும் ஒவ்வொரு முறையும் தேதி, கிழமை, மணி, அறையின் வெப்பம், திரையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று குறித்தேன். மூன்று மாதக் குறிப்புகளை வைத்துக்கொண்டு கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன், வெப்பம் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. இணையத்தில் தேடினால் இரண்டு கட்சி. இந்தக் கம்பெனிக்காரர்கள் அதைத் திட்டினார்கள், அந்தக் கம்பெனிக்காரர்கள் இதைத் திட்டினார்கள். இரு தரப்பையும் பொறுமையாகப் படித்தேன். படிக்கப் படிக்க எந்தப் பக்கத்தையும் மறுக்க முடியாமல் போனது. கடைசியில் படித்த பக்கம் எதுவோ அந்தக் கட்சியில் அன்று இரவு தூங்கப் போவேன்.

கணினிக் கடைக்காரர் சலித்துப் போனார்.

"பொண்ணு பாக்கப் போறவங்க கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்க சார். இதோ, இந்த கம்ப்யூட்டரு வந்தவாசி பார்ட்டி ஒருத்தரோட ஆர்டர். நீங்க சொல்ற அந்த வேற கம்பெனிதான். அவரு எடுக்க வர நாலு நாளு ஆவும். ஒரு நாளு எடுத்துகினு போய் ஓட்டிப் பாருங்க. கீறல் மட்டும் படாம கொண்டாந்துடுங்க."

எந்த நாள் என்று அவர் கேட்டார். நாள்காட்டியைப் பார்த்து, அமாவாசை என்று சொன்னேன். எங்கள் ஊரில் தறிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது; அமாவாசைதான் விடுமுறை. தறி ஓடாது, சேலை வாங்க யாரும் வரமாட்டார்கள், நாள் முழுக்க மகளின் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கலாம். வேறெந்த நாளிலும் எனக்கு அது முடியாது.

காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். பகல் சாப்பாட்டுக்கு மட்டும் அவள் எழுந்தாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான் எழுதினேன். மாலை ஆறு வரை அந்தக் கணினி ஒருமுறை கூட அணையவில்லை. "அப்பா, இதாம்பா" என்று அவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் நோட்டில் 'மாறலாம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு விஷயத்தில் ஐயமில்லாமல் இருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை புதிய பிராசசரும் மதர்போர்டும் வந்தன. மாலை ஐந்துக்குப் பொருத்தி முடித்தார்கள். ஆறே காலுக்குக் கணினி அணைந்தது.

மகள் கத்திய கத்தலில் நான் முன்கட்டிலிருக்கும் என் சேலைக் கடையிலிருந்து உள்ளே ஓடினேன். சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த மனைவி மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்த மிக்ஸி சத்தம் தொபுக்குனு எறங்கும் பாருங்க, அப்பதான் இவளும் கத்துறா. தெனமும் பாத்துகினுதான் இருக்கேன்."

"மிக்ஸி ஏன் எறங்குது?"

"இன்னா இப்படி கேக்குறீங்க? பக்கத்துல தறிய போட்டா கரண்ட்டு எறங்காதா? நம்ம தறிய போட்டாலும்தான் எறங்குது."

நான் நோட்டை எடுத்து நாள்காட்டியோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். மூன்று மாதங்களில் வந்த, தறி ஓடாத அமாவாசை ஒவ்வொன்றிலும் கணினி அணைந்ததாக என் நோட்டில் குறிப்பே இல்லை. கணினி அணைந்த நாட்களை எழுதினேனே தவிர, அணையாத நாட்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நடக்காததை யார் எழுதி வைக்கிறார்கள்? இரவில் நான் படிக்கும் வரலாற்றுப் புத்தகங்களில் பஞ்சம் வந்த வருடங்கள் இருக்கும். வராத வருடங்களுக்கு ஒரு வரி கூட இருக்காது. அந்தக் குறையைப் பிறர் எழுத்தில் பலமுறை கண்டு குறித்திருக்கிறேன்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் மின்சாரத்தின் மேல் எங்களுக்குச் சந்தேகம் வந்ததில்லை. கணினிக் கடைக்காரரிடம் கேட்டேன். விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது போதும், மின்னழுத்தம் இறங்கும்போது அது விழித்துக்கொள்ள எடுக்கும் நொடியில் கணினி செத்துவிடும் என்றார். இதைத் தாங்கக்கூடிய யூபிஎஸ் வேறு வகை, சென்னையிலிருந்து வரவேண்டும், திங்கட்கிழமைக்கு முன்னால் வராது. போட்டி சனிக்கிழமை.

"பிராசசர திருப்பிக் குடுக்கலாமா?"

"பாக்ஸ் பிரிச்சாச்சே சார். அதுல ஒண்ணும் கோளாறு இல்லையே. பழசுலயும் இருந்திருக்காது."

கணினியைத் தூக்கிக்கொண்டு போளூரில் மைத்துனர் வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தோம். அங்கே இணையம் செல்போனில்தான்; அந்த வேகத்தில் ஆட முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை, எங்கள் தெருவில் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் மூன்று தறிக்கூடங்களுக்கும் போனேன். சனிக்கிழமை ஆறிலிருந்து ஏழரை வரை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் எங்கள் சுவரை ஒட்டிய கூடத்துக்காரர். எட்டுத் தறி. சிறு வயது முதல் பழக்கம்.

"அண்ணே, பாப்பா யார சுடப்போவுது?"

"விளையாட்டுதான். ஆனா அவளுக்கு முக்கியம்."

"முகூர்த்தச் சேல ஆறு பாக்கி கீது. ஞாயித்துக்கெழம காலைல பொண்ணு வீட்டுக்காரங்க ஊட்டுக்கே வந்து குந்திப்பாங்க. அந்தப் பேஜார யாரு பாக்கறது? நீயே சொல்லு. எம் பையன் கிரிக்கெட் ஆடறான், தறிய நிறுத்துன்னு நான் வந்து கேட்டா, நீ நிறுத்துவியா?"

நிறுத்தியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும். டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு எங்கள் நான்கு தறிகளையும் நிறுத்தச் சொன்னேன். தறிக்காரர்கள் காரணம் கேட்கவில்லை. பீடி பிடிக்க வெளியே போனார்கள். மனைவி ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டாள். மின்விசிறி இல்லாமல் மகள் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள். நான் கதவருகே நின்றேன். சுவருக்கு அப்பால் எட்டுத் தறிகளும் ஓடின. ஓடிக்கொண்டே இருக்கும்வரை ஆபத்தில்லை. இழை அறுந்து ஒரு தறி நின்றால், முடிச்சுப் போட்டுவிட்டுத் தறியை மறுபடி போடுவார்கள். போடும்போதுதான் மின்னழுத்தம் இறங்கும். இழை எப்போது அறும் என்று முப்பது வருடங்களாகத் தறி வைத்திருக்கும் எனக்கும் தெரியாது. ஒரு தறியின் சத்தம் நின்றதும் திரையைப் பார்த்தேன். அது மறுபடி தொடங்கி, திரை அப்படியே இருந்தால் காதைச் சுவரின் பக்கம் திருப்பினேன். நான்கு முறை அப்படிக் கடந்தது.

ஐந்தாவது முறை ஆறு ஐம்பத்திரண்டுக்குத் திரை கறுத்தது.

மகள் கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கணினி எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழுந்து ஆட்டத்துக்குள் போவதற்குள் செல்போனில் செய்தி வந்துவிட்டது. படித்தாள்.

"ஜெயிச்சிட்டாங்கப்பா. நாலு பேராவே ஆடி ஜெயிச்சிட்டாங்க."

"நல்லதுதானே?" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது.

அவள் வாழ்த்து அனுப்பினாள். ஒரு பொம்மை முகம், இரண்டு கைதட்டல். கொஞ்ச நேரம் கழித்து அணித்தலைவி எழுதியிருந்ததை என்னிடம் நீட்டினாள். கோபமாக எதுவும் இல்லை. நீ நன்றாக ஆடுகிறாய், அதில் யாருக்கும் ஐயமில்லை, ஆனால் அடுத்த சுற்றுக்கு மதுரையில் இன்னொரு பெண்ணிடம் பேசிவிட்டோம் என்று இருந்தது. இரண்டாம் முறை படித்தேன். வேறு மாதிரி எழுதியிருக்கவில்லை.

"யூபிஎஸ் திங்கட்கிழமை வந்துடும்மா."

"சரிப்பா."

பின்வாசலில் தறிக்காரர் ஒருவர் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"போடலாமாங்க? நேரம் ஆவுது."

மகளைப் பார்த்தேன். அவள் கணினியை நிறுத்திவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"போடுங்க" என்றேன்.