ஒரு சாண் உயரத்தில்

என் தங்கையின் கணவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அவருக்கு நடந்ததை முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

வேலையிடத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘சாண்’ என்பார்கள். நேரில் பார்த்தால் ‘சாண் அண்ணே’, தலை மறைந்தால் வெறும் சாண். பெரிய கட்டடங்களைக் குளிர வைக்கிற சில்லர் இயந்திரங்களை ஏற்றி இறக்கும் குழுவில் அவர் சைகைக்காரர். சில்லர் என்றால் வீட்டு ஏசி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். படுக்க வைத்த இரண்டு இரும்பு உருளைகள், அவற்றுள் ஓடும் தண்ணீர், மேலே ஒரு கம்ப்ரசர், எல்லாம் சேர்ந்து ஒரு வேன் அளவுக்கு இருக்கும். அதை ஏழாவது மாடியிலிருந்து இறக்கும்போது கிரேன்காரர் கீழே உட்கார்ந்திருப்பார், மேலே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. மாடி விளிம்பில் நிற்கும் சைகைக்காரரின் கையும் வாக்கி-டாக்கியில் வரும் குரலும்தான் அவருக்குக் கண்.

எந்தச் சுமையானாலும் என் மாப்பிள்ளை முதலில் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கச் சொல்லி, முஷ்டியை மடக்கி நிறுத்திவிடுவார். பிறகு சுற்றி வருவார். சுமையைச் சுற்றிக் கட்டிய ஸ்லிங் பட்டை எங்காவது கூரான விளிம்பில் உரசுகிறதா, பட்டையைக் கொக்கியோடு பிணைக்கும் ஷேக்கிள் வளையம் நேராக இருக்கிறதா, சுமை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கிரேன்காரரிடம் திரையில் என்ன எடை காட்டுகிறது என்று கேட்டு, கையில் இருக்கும் தாளோடு ஒப்பிடுவார். பத்து நிமிடமாவது ஆகும். வெயிலில் நிற்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். “டீ கிளாஸைக்கூட ஒரு சாண் தூக்கிப் பாத்துட்டுத்தான் குடிப்பாரு” என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று சுற்றி வருவார். பதினெட்டு வருடத்தில் அவர் கைக்குக் கீழே ஒரு ஆணிகூட வளைந்ததில்லை.

நான் அதே நிறுவனத்தில் குழாய் மேஸ்திரி. இயந்திரத்தைத் தூக்குவதற்கு முன்னால் அதிலிருக்கும் தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, தூக்கும் தாளில் ‘காலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அவர் வேலை தொடங்கும். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஊரறிந்த விஷயம். தங்கையைக் கொடுத்தவன் என்ற மிதப்பும் கொஞ்சம் உண்டு. பன்னிரண்டு வருடத்தில் மாப்பிள்ளை என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அந்த மனிதரின் சங்கடமாகவும் அது இருக்கலாம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அன்றைக்கு ஒரு மருத்துவமனையின் மாடியிலிருந்து பழைய சில்லரை இறக்க வேண்டும். காலை ஆறிலிருந்து பத்து வரை தெருவை அடைத்துக் கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் மதியம் நான் வால்வுகளை மூடி, இரண்டு உருளைகளின் அடியிலும் ஹோஸ் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உருளையின் மேலே ஒரு சின்னக் காற்றுத் திருகு இருக்கும். அதைத் திறந்தால்தான் காற்று உள்ளே போகும், தண்ணீர் முழுதும் வெளியே வரும். திறக்காவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும், பார்ப்பவனுக்கு எல்லாம் வடிந்துவிட்டது போலத் தெரியும். முதல் உருளையில் திறந்தேன். இரண்டாவதில் திருகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கி விரல் முட்டி உரிந்தது. எரிச்சலில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது இரண்டு ஹோஸிலும் சொட்டு இல்லை. திருகு ஞாபகமே வரவில்லை. ஹோஸ்களைக் கழற்றி வடிகுழாய்களை மூடிவிட்டு, தாளில் ‘காலி’ என்று எழுதினேன். குழாய்களை வால்வுக்கு அந்தப் பக்கம் கழற்றினேன். மூடிய வால்வுகள் இயந்திரத்தோடேயே இருந்தன.

காலையில் மாப்பிள்ளை வழக்கம்போல ஒரு சாண் தூக்கி நிறுத்தினார். கிரேன்காரர் வாக்கியில் எடையைச் சொன்னார். தாளில் இருந்ததைவிட நானூறு கிலோ அதிகம்.

மாப்பிள்ளை என்னிடம் வந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி தணிந்த குரலில் கேட்டார். “மச்சான், ரெண்டும் வடிஞ்சிருச்சுல்ல?”

“வடிஞ்சிருச்சு.”

“நானூறு கிலோ கூடக் காட்டுது. ஒரு தடவை திறந்து பாத்துடலாமா? கீழ வச்சிடச் சொல்றேன்.”

அவர் தணிந்து கேட்டதை நான் கத்திப் பேசி ஊருக்கே தெரிய வைத்தேன். “என்ன மாப்பிள்ளை, என் கையெழுத்து மேல நம்பிக்கை இல்லையா? இருபது வருஷத்து மெஷினு. உள்ள துருவும் சேறும் அவ்வளவு இருக்காதா? மணி எட்டரை ஆச்சு. பத்து மணிக்குத் தெருவைத் திறந்துடுவான். நீங்க சுத்திச் சுத்தி வந்துட்டே இருங்க.”

நான்கைந்து பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்தார். பிறகு அந்த இயந்திரத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்து போயிருந்தது. தன் இடத்துக்குப் போய் நின்று, மேலே தூக்கும்படி கையைக் காட்டினார்.

கைப்பிடிச் சுவருக்கு மேலே எழும்பும் வரை ஒன்றும் ஆகவில்லை. கிரேன் திரும்பத் தொடங்கியதும் சுமை லேசாக ஆடியது. உள்ளே பாதி உருளைக்குக் கிடந்த தண்ணீர் மொத்தமும் ஒரு கோடிக்கு ஓடியது. இயந்திரம் அந்தப் பக்கமாகத் தலை கவிழ்ந்து சுவரில் மோதியது. ஒரு ஆள் நீளத்துக்குச் சுவர் பெயர்ந்து தெருவில் விழுந்தது. அடைத்த தெருவில் காவலாளி ஒருவர்தான் இருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்து போன ஒரு நிமிடத்தில் அவர் நாற்காலி செங்கலுக்கு அடியில் தட்டையாகிவிட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை மட்டும் முஷ்டியை மடக்கி கிரேனை நிறுத்தி, ஆட்டம் அடங்கும் வரை காத்திருந்து, அங்குலம் அங்குலமாக அந்தச் சாய்ந்த சுமையைக் கீழே தெருவில் நின்ற டிரெய்லர் லாரியில் கொண்டுபோய் இறக்க வைத்தார்.

இதுவரை நடந்தது கவனக்குறைவும் திமிரும். யாருக்கும் நேரக்கூடியது என்று சொல்லிச் சமாளிக்கலாம். இதற்குப் பிறகு நான் செய்ததற்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

பாதுகாப்பு அதிகாரியான அம்மா ஒருவர் வந்து மாப்பிள்ளையை விசாரிக்க மேலே கூட்டிப் போனார். எல்லாரும் உடைந்த சுவரைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் டிரெய்லர் மேல் ஏறினேன். முந்தின நாள் வராத அந்தத் திருகு, நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி இழுத்ததும் வந்துவிட்டது. அடியில் வடிகுழாயைத் திறந்தேன். பழுப்புத் தண்ணீர் சாக்கடைக்குள் கொட்டியது. கொட்டி முடிய எவ்வளவோ நேரம் ஆனது, அவ்வளவு நேரமும் மாடியை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி நின்றேன். திருட்டு என்று நான் வாழ்க்கையில் செய்தது அது ஒன்றுதான்.

அதிகாரி வந்து சோதித்தபோது உருளைகள் இரண்டும் காலி. என் கையெழுத்து சரி. அப்படியானால் தப்பு எங்கே? பட்டை கட்டிய விதத்தில், சைகை கொடுத்த கையில். “எடை அதிகமா காட்டினது தெரிஞ்சும் ஏன் தூக்கச் சொன்னீங்க?” என்று அந்த அம்மா கேட்டார். “தப்புதான் மேடம்” என்றார் மாப்பிள்ளை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைகைக்காரர் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அட்டை இல்லாமல் எந்த வேலையிடத்திலும் அவர் கையை உயர்த்த முடியாது.

நான் மேலாளரிடம் பேசி அவரை ஸ்டோரில் சேர்த்துவிட்டேன். ஷேக்கிள்களைத் துடைத்து, எண்ணி, தகரப் பெட்டியில் அடுக்கும் வேலை. அவர் பட்டை கட்டச் சொல்லிக் கொடுத்த ஆட்களே வந்து ஜன்னலில் கை நீட்டி வாங்கிப் போவார்கள். ‘சாண் அண்ணே’ என்று இப்போது யாரும் கேலி செய்யவில்லை. அது கேலியைவிட மோசமாக இருந்தது.

என் தங்கை ஒவ்வொரு வாரமும் போன் செய்வாள். “நீ மட்டும் இல்லன்னா அவரு வீட்டுலதான் உக்காந்திருக்கணும்ணா. உன்ன மாதிரி யாரு பாத்துப்பாங்க?” என்பாள். அவர்கள் வீட்டுக்குப் போனால் எனக்குத்தான் முதல் தட்டு. ஒரு நாள் தன் பெண்ணைக் கூப்பிட்டு, “மாமாவாலதான் அப்பாவுக்கு வேலை இருக்கு, தெரிஞ்சுக்கோ” என்று என் எதிரிலேயே சொன்னாள். மாப்பிள்ளை தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இருக்கட்டும், அதனாலென்ன” என்றேன். அப்படித்தான் சொன்னேன், பெரிய மனுஷன் மாதிரி.

நான்கு மாதம் இப்படிப் போனது. ஐந்தாவது மாதம் கையுறை வாங்க ஸ்டோருக்குப் போனேன். மாப்பிள்ளை தனியாக இருந்தார். கையுறையை எடுத்து வைத்துவிட்டு, ஜன்னல் கட்டையில் கையூன்றிக்கொண்டார்.

“மச்சான், அடுத்த வாரம் இதே மாதிரி பழைய மெஷின் ஒண்ணு இறக்கப் போறாங்களாம். காத்துத் திருகைத் திறந்தாங்களான்னு பாக்கச் சொல்லுங்க.”

நான் ஜன்னலை நெருங்கிக் கேட்டேன். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே. மேலேர்ந்து பாத்தேன், டிரெய்லருக்கு அடியில தெரு நனைஞ்சிருந்துச்சு.”

“அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?”

“நம்பர் தப்பா இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், நாலு பேர் சிரிச்சாங்கன்னு கையைத் தூக்கினேன். அந்த நாற்காலியில ஆள் இருந்திருந்தா நான்தான் கொன்னிருப்பேன். அதுக்கு அட்டை போனது சரிதான்.” துடைத்து வைத்திருந்த ஷேக்கிள் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டார். “ஆனா பட்டை கட்டினதுதான் தப்புன்னு எழுதி வச்சிருக்காங்க. அதையே சொல்லித் தராங்க. திருகைப் பத்தி யாருக்கும் தெரியல. அடுத்த தடவை கீழ ஆள் இருப்பான் மச்சான்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். கையுறையை அங்கேயே வைத்துவிட்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். சொல்லத் தொடங்கியபோது குரல் எழும்பவில்லை. “சத்தமா சொல்லுங்க” என்றார் அந்த அம்மா. சொன்னேன். மறுநாள் காலை எல்லாரையும் நிற்க வைத்து, அவர்கள் முன்னாலும் சொல்ல வைத்தார். அன்று சிரித்த அதே ஆட்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். என் மேஸ்திரி வேலை போயிற்று. எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு மறு தேர்வு வைத்து ஒரு மாதத்தில் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தங்கையிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் வாயே திறக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். கத்துவாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

“தப்பு பண்ணினதை விடுண்ணா. மறைச்சதைக்கூட விடு” என்றாள். “நாலு மாசமா உனக்கு நான் நன்றி சொல்லிட்டிருந்தேன். அவரை உக்கார வச்சுக்கிட்டே சொன்னேன். ஒரு தடவையாவது, போதும் நிறுத்துன்னு உனக்குச் சொல்லத் தோணலையா?”