டிக் போட்ட மூன்று பெயர்கள்

ஏஞ்சலுக்குக் காது கேட்காது, கோபம் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்காரர்களுக்கு முதல் விஷயம் வேலைக்கு எடுத்த அன்றே தெரியும். இரண்டாவது தெரிய மூன்று வருடம் ஆனது.

கவரைப்பேட்டைப் பக்கத்துப் பெண். மூன்று வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோனது. சென்னையில் காதுகேளாதோர் பள்ளியில் பிளஸ் டூ வரை படித்தாள். அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயலெல்லாம் இன்றைக்கு குடோன். அதனால் மகள் அந்தக் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்குப் போனாள். அவளோடு இளமதி, பரத் என்று இன்னும் இரண்டு பேர், அவர்களுக்கும் கேட்காது. மூவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார்கள். பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள், போன் வராது, வேலை ஓடும். இந்தக் கணக்குக்குத்தான் வாசல் சுவரில் 'அனைவரையும் அரவணைப்போம்' என்று ஆளுயர எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஏஞ்சல் சிரிக்கும் படத்தை ஒட்டியிருந்தார்கள்.

தகடு அடிக்கும் சத்தம் தாங்காது என்று மற்றவர்களுக்கெல்லாம் காதில் வைக்க பிளக் கொடுத்தார்கள். இவர்களுக்கு மட்டும் இல்லை. ஏன் என்று ஏஞ்சல் எழுதிக் கேட்டாள். சூப்பர்வைசர் மோகன்ராஜ் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அவர் சொன்னது, "செவுட்டுக் காதுக்கு இன்னாத்துக்குமா பிளக்கு?" அதை அவளுக்குக் கைகளால் சொன்னவள் பேக்கிங் பிரிவு ரத்னா. பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண், ஏஞ்சலோடு சேர்ந்து சாப்பிட்டே சைகை கற்றுக்கொண்டவள். பரத்துக்கு மட்டும் அப்போது ஒரு காதில் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தது. போன வருடம் அதுவும் போனது.

மாதம் ஒருமுறை தீ ஒத்திகை நடக்கும். சைரன் அடித்தால் எல்லோரும் மைதானத்துக்கு ஓடி வரிசையில் நிற்க வேண்டும், சூப்பர்வைசர் பெயர் பார்த்து டிக் போட வேண்டும். மோகன்ராஜ் கெட்டிக்காரர். மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்காட்ட, சைரனுக்கு முன்பே மொத்தத் தாளுக்கும் டிக் போட்டு வைத்துவிடுவார். அன்றைய உற்பத்தி குறையாமலிருக்க இன்னொரு வழியும் வைத்திருந்தார். சைரன் கேட்காத மூவரையும் எதற்கு எழுப்ப வேண்டும்? எல்லோரும் எழுந்து போகும்போது இவர்களைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தடவை கீழே அமுக்குவார். உட்காருங்கள், வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம். அவர் கற்றுக்கொண்ட ஒரே சைகை அதுதான்.

பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம். எல்லோரும் எழுந்து போவதை ஏஞ்சல் பார்த்தாள். மோகன்ராஜ் கையை அமுக்கவில்லை. அவசரத்தில் மறந்திருப்பார் என்று நினைத்துத் தகடை எடுத்து அச்சில் வைத்தாள். பெயின்ட் வாசனை அந்த இடத்தில் எப்போதும் இருப்பதுதான். கண் எரிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். கூரைக்கடியில் கறுப்பாகப் புகை. அதற்குள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடி வந்த ரத்னா அவள் முதுகில் ஓங்கி அறைந்தாள். பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வைத்திருந்த அறை பற்றி எரிந்துகொண்டிருந்தது. வரிசைக் கடைசியில் புகையில் மயங்கிக் கிடந்த இளமதியை இருவரும் பரத்தும் சேர்ந்து தூக்கி வந்தார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த மாத ஒத்திகைக்காக முன்பே டிக் போட்டு மோகன்ராஜ் வைத்திருந்த தாளின்படி அவள் அந்த நேரம் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஏஞ்சல் கேட்டது ஒன்றே ஒன்று. சைரனோடு சேர்ந்து எரிகிற ஒரு சிவப்பு விளக்கு, தங்கள் வரிசைக்கு மேலே. எச்.ஆர். ஹேமாவதிக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: 'அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்மா. பாசிட்டிவா இருங்க.' கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. அந்தப் பொம்மையைப் பார்த்ததும் ஏஞ்சலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோழி நுரையீரலில் புகையோடு கிடக்கிறாள், இந்த அம்மாவுக்குச் சிரிப்பு வருகிறது.

இளமதி வேலைக்குத் திரும்பிய மாதமே கம்பெனிக்கு விருது வந்தது. மாற்றுத்திறனாளிகளை அரவணைத்ததற்காகவாம். கேடயம் கொடுக்கும் முன் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்து ஒத்திகை பார்ப்பார்கள் என்றார்கள். மோகன்ராஜ் ரத்னாவைக் கூப்பிட்டார்.

"இந்தவாட்டி அவங்க மூணு பேரும் வெளிய வரணும். நீ கைய ஆட்டு, ஓடி வரட்டும். போட்டோ எடுக்குறாங்க, புரியுதா?"

ரத்னா அதை அப்படியே ஏஞ்சலிடம் சொன்னாள். ஏஞ்சலின் கைகள் வேகமாக ஓடின. நீ கையை ஆட்டாதே அக்கா என்றாள்.

"என் வேல போய்டும்டீ," என்று ரத்னாவும் கைகளால் சொன்னாள். பிறகு ஏஞ்சலின் தோளைத் தட்டி, "போனா போவட்டும். கடல்ல இல்லாத வேலயா," என்றாள்.

சைரன் அடித்தது. கூட்டம் எழுந்து போனது. ரத்னா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஏஞ்சல் மிஷினை நிறுத்தினாள், மற்ற இருவரும் நிறுத்தினார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நடந்ததை ரத்னா பிறகு சொன்னாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, எல்லோரும் வெளியே என்று மோகன்ராஜ் தாளை நீட்டினாராம். அந்த மூன்று பேரைக் கூப்பிடுங்கள், கைகுலுக்க வேண்டும் என்றாராம் அதிகாரி அம்மா. மோகன்ராஜ் வரிசையை இரண்டு தடவை பார்த்தாராம்.

"உள்ள கீறாங்க மேடம்," என்றிருக்கிறாள் ரத்னா.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். அதிகாரி அம்மா கையில் அந்தத் தாள். ஏஞ்சல் எழுந்து அதை வாங்கினாள். மோகன்ராஜ் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, தன் பெயரின் டிக்கைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'உள்ளே' என்று எழுதினாள். பரத்துக்கும் அப்படியே. இளமதி பெயருக்கு எதிரே 'உள்ளே, தீப்பிடித்த அன்றும்' என்று அழுத்தி எழுதினாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மோகன்ராஜ் வியர்த்துப்போய், வெளிய வாங்க வாங்க என்று மூவரையும் இரண்டு கையாலும் கூப்பிட்டார். ஏஞ்சல் அவர் முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தடவை கீழே அமுக்கினாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொல்றாங்க இவங்க?" என்று அதிகாரி அம்மா ரத்னாவைக் கேட்டார்.

"அவங்க பாஷ இல்ல மேடம் அது. இந்த சார் கத்துக்குடுத்தது. சைரன் அடிச்சா, ஒக்காரு, வேலயப் பாருன்னு."

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து சிவப்பு விளக்கை மாட்டி எரியவிட்டுக் காட்டும்வரை மூவரும் மிஷினைத் தொடவில்லை.