வடிகட்டிய ஐஸும் என் முன்பல்லும்

எட்டு வயதில் என் முன்பல் ஒன்று செத்துப்போனது. அதற்குக் காரணம் பள்ளிக்கூடத்து அடிபம்புதான் என்று இன்றைக்கும் சாதிப்பேன். உண்மையில் தப்பு என்மேல்தான். செஞ்சியில் எங்களுடையது சமணர் குடும்பம். வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வயிற்றுக்குள் போய்விடக் கூடாதே! பள்ளிக்கூடத்தில் துணிக்கு எங்கே போவது? தோழி பம்பை அடிக்க, நான் குழாயில் வாயை வைத்துத் திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்சம் வேகமாக அடித்தாள். ஆணி கழன்ற பம்பு ஓர் ஆட்டம் ஆடி என் வாயில் இடித்தது.

பல் விழவில்லை. அதனால் நானும் வீட்டில் மூச்சு விடவில்லை. சில மாதம் கழித்துப் பல் சாம்பல் நிறமாகி, மேல் ஈறில் சீழ்க்கட்டி கிளம்பியபோதுதான் குட்டு உடைந்தது. அடியும் கிடைத்தது. நைனா என்னையும் அம்மாவையும் பஸ்ஸில் ஏற்றிப் பாண்டிச்சேரிக்கு ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "பல்லு முளைச்சிடுச்சே தவிர வேர் இன்னும் முழுசா வளரல. நுனி புனல் மாதிரி திறந்து கிடக்குது. அதுக்குள்ள உள்சதை செத்து சீழ் புடிச்சிடுச்சு. வழக்கமா இத எடுத்துடுவோம்" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது பால் பல் அல்ல, போனால் திரும்பாது. எங்கள் தெருப் பிள்ளைகளின் வாய்க்குப் பயந்தே நான் ஆயுள் முழுக்கச் சிரிக்காமல் இருக்க வேண்டியிருக்கும்.

டாக்டரே தொடர்ந்தார். வெளிநாட்டில் புதிதாக ஒன்று செய்து பார்க்கிறார்களாம். சீழைக் கழுவிச் சுத்தம் செய்துவிட்டு, வேர் நுனிக்கு அப்பால் லேசாகக் குத்தி, ரத்தம் பல்லுக்குள் ஏறி உறையும்படி விட்டு, மேலே அடைத்துவிடுவார்களாம். "அந்த ரத்தத்துல வேர் வளந்தாலும் வளரும், வளராமலும் போகும். உறுதி சொல்லமாட்டேன்."

"ஆறு மாசம் பாக்கலாம். உயிர் வரலன்னா புடுங்கிடுங்க" என்றார் நைனா, எனக்கு ஏதோ பெரிய சலுகை தந்ததுபோல.

அடுத்தடுத்து இரண்டு முறை போய்வந்தோம். குத்தியபோது நான் போட்ட கூச்சல் கடற்கரைவரை கேட்டிருக்கும். அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "மாசம் ஒருதரம் அந்தப் பல்லுல ஐஸ் வச்சிப் பாருங்க. கூசுச்சுன்னா பல்லுக்கு உயிர் வருதுன்னு அர்த்தம்."

ஐஸ் என்றதும் எனக்கு வலியெல்லாம் மறந்துபோனது. அம்மாவுக்குத்தான் கவலை. குச்சி ஐஸை எந்தத் தண்ணீரில் செய்கிறார்களோ? ஐஸை எப்படி வடிகட்டுவது? பஸ் செஞ்சி வந்து சேரும்வரை யோசித்தாள். மறுநாள் காந்தி பஜாரில் சைக்கிள் பெட்டிக்காரரிடம் சாயம் போடாத வெள்ளைக் குச்சி ஐஸ் ஒன்று வாங்கினாள். தண்ணீர் வடிகட்டும் துணியை இரண்டாக மடித்து அதைச் சுற்றினாள். உருகுகிற தண்ணீர் துணி வழியாகத்தானே வர வேண்டும்! என் அம்மாவின் மூளையே மூளை.

துணிப்பொட்டலம் என் பல்லில் அழுந்தியது. "இன்னாடி, கூசுதா?"

"கூசுதும்மா!"

பொய் இல்லை. நிஜமாகவே சுரீரென்றது. பக்கத்து வீட்டுப் பெண்களும் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். மாதம் தவறாமல் இந்தச் சடங்கு நடந்தது, மாதம் தவறாமல் கூசியது. ஐஸைத் தின்ன மட்டும் விடவில்லை. கட்டியும் அமுங்கிப்போனதால் நான் தெருவில் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஆறாம் மாதம் டாக்டர் பல்லைப் பஞ்சால் துடைத்து, ஈர்க்குச்சி அளவு ஐஸை எடுத்து அதன்மேல் மட்டும் வைத்தார். நான் கூச்சத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதே பல்லில் வேறு இடத்தில் வைத்தார். கல்லில் வைத்த மாதிரி இருந்தது.

"வூட்ல மாசாமாசம் கூசுச்சே!" என்று அம்மா பதறிப்போய்த் துணி விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். "ஈரத்துணி ஈறு, உதடு, பக்கத்துப் பல்லு எல்லாத்தையும் தொட்டிருக்கும்மா. கூசினது அதுங்கதான், இந்தப் பல்லு இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துணியைக் கிழித்துப் போட்டிருப்பேன். டாக்டர் புது எக்ஸ்ரேயையும் பழைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "வேர் நீண்டிருக்கு. நுனியும் மூடிக்கிட்டு வருது. ஆனா கூச்சம் இல்ல. உயிர் இருக்கான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல."

"அப்பறம் இன்னா? செத்தத வாயில வச்சிக்கினு? எடுத்துடுங்க" என்றார் நைனா. சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் அவருக்குப் பேர். அன்றைக்குப் பார்த்தா அதைக் காப்பாற்ற வேண்டும்! டாக்டரின் பார்வை தட்டிலிருந்த இடுக்கிமேல் போனது. அவர் கையும் போனது.

வேற்று ஆண்கள் முன்னால் அம்மா நைனாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. நாற்காலிக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"வளந்திருக்குதுன்னு இப்பத்தான் சொன்னாரு. உயிர் இல்லாம எது வளரும்? கூசலன்னா செத்துதுன்னு அர்த்தமா? உயிர் இருக்கறத நம்ம கையால எப்பங்க கொன்னோம்?"

மழைக்காலத்தில் எறும்பு மிதிபடுமோ என்று தரையைப் பார்த்தே நடக்கிற மனிதர் என் நைனா. அன்றைக்கும் தரையைத்தான் பார்த்தார். கடைசியில், "இருக்கட்டும் டாக்டர்" என்றார்.

டாக்டர் இடுக்கியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். பல் பிழைத்தது என்று புரிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.