ஒரே சட்டைப்பையில் இரண்டு மாத்திரை: சித்தூர் முதல் திருப்பதி வரை

இந்தப் பதிவை எழுத எங்கள் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுது. என் பேர் மட்டும் போடாத, லில்லி" என்றார். போடவில்லை.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. சித்தூர் டாக்டர் காப்பாற்றி, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார். அதை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதற்குப் பிறகு இரவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார். மாதக்கணக்கில் கேட்டபின் ஒரு நாள் சொன்னார், "முடியல லில்லி. அந்த நேரத்துல ஒடம்பு கேக்கறதில்ல." எனக்கு அழுகை வந்தது. வெறுத்துவிட்டாரோ என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

அதற்கு மாத்திரை உண்டு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் சித்தூர் மருந்துக்கடைக்காரர் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? எங்களை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்துப் போகலாம் என்றார் எங்கள் வீட்டுக்காரர். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை திருப்பதிக்குக் கிளம்பினோம்.

தூரம் எழுபது கிலோமீட்டர், பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். காணிப்பாக்கம் திருப்பம் தாண்டியதும் மாந்தோப்புகள் பனியில் பாதி கரைந்து நின்றன. சந்திரகிரிக்கு அப்பால் மலை, நீலமாக, தூங்குகிறவர் போல மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு கூடவே வந்தது. அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். இறங்காமலே இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

கிளினிக்கில் டாக்டர் தெலுங்கும் தமிழும் கலந்து பொறுமையாகப் பேசினார். ஆசை வரும்போது உடம்பு ஒரு பொருளைச் சுரந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறதாம். இன்னொரு பொருள் வந்து அதை உடைத்துவிடுகிறது. மாத்திரை அந்த உடைக்கிறவனைக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். "ஆசைய இது குடுக்காது. அது நீங்கதான் கொண்டு வரணும்" என்று சிரித்தார். தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு வரலாம், பார்வையில் நீலம் தட்டலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டாலோ, திடீரென்று பார்வையோ காதோ மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பிறகு கேட்டார், "நெஞ்சு வலிக்கு நாக்கு கீழ வெக்கிற மாத்திரை ஏதாவது உண்டா?"

"இல்ல சார்" என்றார் இவர். கை சட்டைப்பையை மூடிக்கொண்டது.

"இருக்குது சார், அந்தப் பையிலதான் வெச்சிக்கினு இருக்காரு" என்றேன் நான். இவர் என்னை முறைத்தார்.

டாக்டர் பேனாவை மூடினார். "அய்யோ, ரெண்டும் சேரவே கூடாது. பிரஷர் ஒரேயடியா கீழ போயிடும், உயிருக்கே ஆபத்து. முதல்ல ஹார்ட் டாக்டர்கிட்ட போங்க. வேற வழியும் இருக்குது, அவர் சொல்லட்டும்." அன்று எதுவும் எழுதித் தரவில்லை.

பஸ் நிலையத்தில் நான் தண்ணீர் வாங்கப் போய் வந்தேன். திரும்பும் பஸ்ஸில் அவர் தூங்கியபோது சட்டைப்பை கொஞ்சம் விலகியது. பழைய மாத்திரைக்கு ஒட்டினாற்போல, டாக்டர் எழுதித் தராத அந்த மாத்திரையின் ஒரு புதுப் பட்டை. நான் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், டாக்டர் சீட்டுக் கேட்காமல் எந்தக் கடையோ கொடுத்திருக்கிறது. வெளியே வெயில் சாய்ந்து மலையெல்லாம் பொன்னாகிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாத ஊரில் அவர் இதயம் இப்படிப்பட்டது என்றும் யாருக்கும் தெரியாதே. அப்படிப்பட்ட ஊரைத் தேடித்தானே போனோம்!

காணிப்பாக்கம் திருப்பத்தில் கண் விழித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"ஒனக்காகத்தான் லில்லி வாங்கனேன்."

"நீங்க இல்லாத கட்டில்ல நான் இன்னா பண்ணப் போறேன், சொல்லுங்க?"

நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பட்டையை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினார். அந்தக் கையைச் சித்தூர் வரும்வரை விடவில்லை.

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸே நல்லது, பிப்ரவரியில் போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில்லாமல் இந்த மாத்திரையை வாங்காதீர்கள். டாக்டரிடம் பையில் இருப்பதெல்லாம் சொல்லுங்கள், என்றைக்கோ ஒரு நாள் போடுவதையும். ஒருவேளை இதைப் போட்டபின் நெஞ்சு வலித்தால், நாக்கு மாத்திரையைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் இதைச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை எங்கள் ஊர் இதய டாக்டரிடமே போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் அந்தப் பாடகர் குழு மருந்துக்கடைக்காரர், மனைவியோடு. "நீங்களுமா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். எங்கள் வீட்டுக்காரர் முகத்தை மறைக்காமல் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். அன்று இரவு சுவர்ப் பக்கம் திரும்பாமல் படுத்தார்.