சுண்ணாம்புக் கோட்டு வீடு

"ஏம்மா, சுவர மிதிக்கிறீங்களே" என்கிறார் மீட்டர்காரர், வரைபடத்தோடு வந்த பொறியாளர் பெண்ணிடம். சுவர் எங்கே இருக்கிறது? வெறும் மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடுதான். இருந்தாலும் அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சுற்றிப் போய், வாசலுக்கு விட்ட இடைவெளி வழியாக நுழைகிறாள். கோடு போட்ட நாளிலிருந்து இங்கே எல்லோருக்கும் இதுதான் சட்டம்.

முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார ரீடிங் எடுத்தவர். இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும், ஆளை விசாரிக்கும் முன்பே கண் மீட்டருக்குப் போய்விடும். எந்த வீட்டில் பட்டப்பகலில் விளக்கு எரிகிறது, எந்த ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடவில்லை என்பதெல்லாம் அத்துப்படி. ஊரார் வீடுகளின் குறையெல்லாம் பார்த்துப் பார்த்து மனதில் கட்டி வைத்திருந்த வீட்டைத்தான், ஓய்வுபெற்றபின் இந்த இருபதுக்கு முப்பதடி மூலை மனையில் இறக்கியிருக்கிறார்.

ஒரு வருடமாக நடுவில் கம்பு நட்டு, நிழல் விழுந்த இடமெல்லாம் ஆணி அடித்தார். நாலு பக்கமும் ஈரத்துண்டு காயப்போட்டு, எது சீக்கிரம் காய்ந்ததோ அங்கே ஜன்னல் என்று முடிவு செய்தார். மனுஷனுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசியது காதில் விழாமல் இல்லை. அவர் கண்டுகொள்ளவில்லை. படியே கிடையாது, எல்லாக் கதவும் சக்கர நாற்காலி போகும் அகலம். மேற்குச் சுவர்தான் அவருடைய பெருமை: நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் செங்கல், ஒரு ஓட்டைகூடக் கிடையாது. "சாயங்கால வெயில் உள்ள வந்தா ராத்திரி பூரா ஃபேன் ஓடணும்."

நாளை கடைக்கால் தோண்டுகிறார்கள். அதனால்தான் அவர் மனைவி முழங்கால் வலியோடு இதே தெருவில் இருக்கும் வாடகை மாடியிலிருந்து படிப்படியாக இறங்கி முதல்முறையாக இங்கே வந்திருக்கிறாள். கைத்தடியை ஊன்றி, வாசல் வழியாகவே நுழைந்து, பிளாஸ்டிக் நாற்காலியை மேற்குக் கோட்டைப் பார்த்துப் போடச் சொல்லி உட்கார்ந்தாள். கோட்டுக்கு அப்பால் தெரு. பள்ளிப் பிள்ளைகள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி பையை மாற்றிக்கொண்டு அவளுக்குக் கையாட்டினாள். இரண்டு வருடமாக மாடி ஜன்னலிலிருந்து கிடைத்த சிநேகம்.

"இங்க சுவர் வந்துட்டா, சாயங்காலத்துல எனக்கு யாரு இருக்கா?"

வெயில் என்று அவர் ஆரம்பித்தார்.

"வெயில நான் பாத்துக்கறேன்."

சூரியன் எங்கே நிற்கும் என்று ஒரு வருடம் பார்த்தவர், இவள் எங்கே உட்காருவாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தவறு தன்னுடையது, திருத்த இன்னும் நேரம் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, மேற்குச் சுவரை நாலடிக்கு உள்ளங்காலால் தேய்த்து அழித்தார்.

"வெளிப்பக்கம் ஏத்தி இறக்கற மாதிரி ஒரு மரத்தட்டி போட்டுட்டா வெயில் அங்கயே நின்னுரும், எழுதிக்கோங்க" என்றார் பழைய மிடுக்கோடு. ஜன்னல் எவ்வளவு உயரத்தில் தொடங்க வேண்டும் என்று பொறியாளர் பெண் கேட்டாள்.

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, டேப்பின் நுனியை மண்ணில் அழுத்திப் பிடித்து, மனைவியின் தாடை வரைக்கும் இழுத்தார்.