பறந்துபோனதாகச் சொன்ன ஊசித்தட்டான்

ஊசித்தட்டானைப் பார்த்து வியக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அது கொசு தின்கிற பூச்சி. உடம்பு துடைப்பக்குச்சி அளவுதான். பெரிய தட்டான் இறக்கையை விரித்து உட்காரும். இது முதுகுக்கு மேல் மடித்து வைத்துக்கொள்ளும். இவ்வளவு தெரிந்தால் ஒரு மனிதனுக்குப் போதும். இதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வேலைக்காகத் தெரிந்துகொண்டது. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

அறுபதுகளின் கடைசி. ஓசூரில் இன்றைக்கு இருக்கிற தொழிற்சாலைச் சங்குகள் அப்போது கிடையாது. ஏழாம் வகுப்பில் பாதியில் நின்ற நான் சானமாவுக் காட்டுப் பக்கம் விறகு சுமந்தேன், பெங்களூர் லாரியில் கிளீனராகப் போனேன், கிருஷ்ணகிரிக்கு அருகே ஜல்லி உடைத்தேன். குவாரியில் இடது கையில் இரண்டு விரல் நசுங்கி, அவற்றை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சம்மட்டி கையில் நிற்கவில்லை.

அப்போதுதான் ஊருக்கு வெளியே இருந்த ஒரு மிஷன் பள்ளியில் லேப் அட்டெண்டர் இடம் காலியென்று கேள்விப்பட்டேன். கூரை, மாதச் சம்பளம், கண்ணாடிக் குப்பிகளைக் கழுவும் வேலை. தலைமை ஆசிரியரான பாதர் என் கையைப் பார்த்தார். “சயின்ஸ் சாரோட கொஞ்ச நாள் இருப்பா. அவர் சரின்னா சரி” என்றார். விடுதிச் சமையலறையில் ராகிக் களியும் கொள்ளுச்சாறும் உண்டு. படுக்கை, ஆய்வகத்து பெஞ்சு.

சயின்ஸ் சாருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பள்ளிக்குப் பின்னால் இருந்த குட்டையில் எத்தனை வகை ஊசித்தட்டான் என்று பதிவு செய்துகொண்டிருந்தார். கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்த வலையோடு நான் இடுப்பளவு தண்ணீரில் நிற்பேன். அவர் கரையில் மடக்கு நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். நான் பிடித்து வருவதை இறக்கையோடு பிடித்து வால் நுனியை லென்ஸில் பார்ப்பார். அட்டை என் காலில், நாற்காலி அவருக்கு. அறிவியல் அப்படித்தான் வளர்கிறது போலும்.

“ஆணுக்கு வால் நுனியில கொக்கி இருக்குப்பா. வகைக்கு வகை மாறும். அதப் பாத்தா போதும்” என்பார்.

“பொட்டைக்கு?”

“அதெல்லாம் ஒரே மாதிரிதான்.”

அவருடைய ஞானம் முழுவதும் பெங்களூர் நூலகம் ஒன்றிலிருந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்து கையால் எழுதி வந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஆண்களைப் பற்றியதை மட்டும் எழுதிக்கொண்டாராம். பெண்ணுக்கு எல்லா இடத்திலும் ‘ஆணைப் போலவே, சற்று மங்கல்’ என்று ஒரே வரி. இதைப் பெரிய சாமர்த்தியமாக என்னிடம் சொன்னார். அவருக்கு நான்கு மகள்கள். எந்த மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

பார்த்து முடித்ததை முக்கோணமாக மடித்த காகிதத்தில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதிப் பெட்டியில் வைப்பார். அது உள்ளேயே சாகும். ஒரு வாரத்தில் நீலம், சிவப்பு எல்லாம் போய்ப் பீடித்துண்டு நிறத்துக்கு வந்துவிடும். பெட்டி நிறையப் பீடித்துண்டுகளைச் சேர்த்துவைத்து அதற்குப் பதிவு என்று பெயர் சூட்டியிருந்தார்.

குட்டையில் துணி துவைக்கும் அக்கா ஒருத்தி, தெலுங்குக்காரி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

“ஏம்ப்பா, இம்மாம்பெரிய மீசைய வச்சிக்கினு தட்டான் புடிக்கிறியே, வெக்கமா இல்ல?”

“வேலைக்கா.”

“இதுக்குப் பேரு வேலையா? எங்க கழுதை இதவிட மரியாதையா இருக்குது.”

அவள் சொன்னதில் தவறில்லை. ஆனால் கழுதைக்குக் கூரை தேவையில்லை.

முதல் மழைக்குப் பிறகு கோரைப்புல்லில் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் சில ஊசித்தட்டான்கள் தென்பட்டன. சார் நாற்காலியைவிட்டு எழுந்தது அன்றுதான். பிடித்த எதற்கும் வாலில் கொக்கி இல்லை, எல்லாம் பெண். இதற்கு ஆண் எங்கே என்று என்னைக் குட்டை முழுவதும் தேடவைத்தார். ஆரஞ்சு ஆண் ஒன்றுகூட இல்லை. ஆணே இல்லாத ஒரு வகை எப்படிப் பெருகும் என்று கழுதைகூடக் கேட்டிருக்கும். சாருக்குத் தோன்றியது வேறு: உலகத்தில் யாரும் பார்க்காத புது வகை. சென்னையிலிருந்த ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காரருக்கு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவர் பதில் போட்டார். அதற்குள், புது வகைக்குச் சூட்டத் தன் பெயரை லத்தீனில் எப்படி எழுதுவது என்று சார் கரும்பலகையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செத்தால் நிறம் போய்விடும். ஆகவே உயிரோடு காட்ட வேண்டும். விடுதியிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை வாங்கி, ஈர மணலும் ஒரு கோரைத் தண்டும் வைத்து, வாயில் வலைத்துணி கட்டி, நான் பிடித்த ஆரஞ்சு ஒன்றை உள்ளே விட்டோம். என் வலைக்கம்பி பட்டு அதன் பின்னிறக்கை ஒன்றில் சின்னக் கிழிசல். அதற்கும் எனக்குத் திட்டு கிடைத்தது.

“இத மட்டும் காப்பாத்திக் குடுத்துடு. வேலை உனக்குத்தான்” என்றார்.

அன்று பிடித்த மழை நாலைந்து நாள் விடவில்லை. குட்டை பெருகிக் கோரை எல்லாம் மூழ்கியது. வேறொன்று பிடிக்க வழியில்லை. நான் விளக்கைச் சுற்றும் கொசுக்களைப் பிடித்துப் பாட்டிலுக்குள் விட்டேன். அது நன்றாகவே தின்றது. ஆனால் மஞ்சள் துணியைத் துவைக்கத் துவைக்க வெளுப்பதுபோல நிறம் இறங்கிக்கொண்டே வந்தது. சாகப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

“நெறம் கொறையுதுங்க சார்.”

“பசிப்பா. இன்னும் கொசு போடு.”

ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டிலில் இருந்தது அழுக்குப் பச்சை நிறத்தில், குட்டை ஓரம் எங்கும் கிடக்கிற சாதாரணப் பெண் ஊசித்தட்டான். சார் பார்த்தார். முகம் கறுத்தது.

“டேய், எங்கடா அது?”

“அதுதாங்க சார் இது.”

“என்னை என்னா பைத்தியக்காரன்னு நெனச்சியா? அதப் பறக்க விட்டுட்டு வேற ஒண்ணப் புடிச்சிப் போட்டிருக்க.”

“இந்த மழையில எங்கங்க போய்ப் புடிப்பேன்? றெக்கையப் பாருங்க. கிழிசல் அங்கியேதான் இருக்குது.”

லென்ஸை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சாதாரண வகையின் பெண்ணே சின்ன வயதில் ஆரஞ்சு, வளர்ந்தால் பச்சை. பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் இன்னும் கொஞ்சம் எழுதிக்கொண்டு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எழுந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. “தம்பி” என்றார். அதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. “நீ மூடியத் தொறந்த, பறந்துடுச்சு. அவ்ளோதான். வேலை விஷயத்த நான் பாத்துக்கறேன்.”

ஒரு பூச்சியைப் பறக்கவிட்டதாகச் சொன்னால் கூரை. நான் யோசிக்கவில்லை. சரிங்க சார் என்றேன். அவர் பச்சையை எடுத்துக் காகிதத்தில் மடித்து, மேலே அந்தச் சாதாரண வகையின் பெயரைச் சுத்தமான கையெழுத்தில் எழுதிப் பெட்டியில் வைத்தார். அவருடைய பதிவில் சந்தேகமே இல்லாத ஒன்று அதுவாகத்தான் இருக்கும்.

சென்னையிலிருந்து வந்தவர் கரும்புக் குருத்துப்பூச்சியில் நிபுணர். தட்டானைப் பற்றி அவருக்கு என்னைவிட ஒன்றும் அதிகம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் தலையை அழகாக ஆட்டினார். பாதரின் அறையில் மூவரும் காபியும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவருகே நின்றேன்.

“மூடியத் தொறந்தியா?” என்றார் பாதர்.

“ஆமாங்க பாதர். கொசு போடத் தொறந்தேன். பறந்துடுச்சு.”

“அடடா” என்றார் நிபுணர். “அந்த இனத்துல கடைசிப் பூச்சியாக்கூட இருந்திருக்கலாம்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இழவு வீடு தோற்றது. இல்லாத ஒன்றுக்கு மூன்று படித்தவர்கள் துக்கம் காத்தார்கள். துக்கத்துக்கு உரியதோ அடுத்த அறையில் காகிதத்துக்குள் கிடந்தது.

பாதர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை, நல்ல மனிதர். “பாட்டில்ல இருந்த பூச்சியக் காப்பாத்தத் தெரியாதவன்கிட்ட ஆசிட் பாட்டில எப்படிப்பா குடுக்கறது? பசங்க இருக்கற எடம்.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தார். நனைந்தது ஒடிந்து உள்ளே விழுந்தது. அதைக் கரண்டியால் தேடியபடியே, “பாதர் சொல்றதும் நியாயந்தான்” என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். வாய்விட்டுச் சொன்னதை அங்கேயே மாற்றினால் கவனமில்லாதவனோடு பொய்யன் என்ற பட்டமும் சேரும். அட்டெண்டர் வேலையைப் பொய்யனுக்கும் தரமாட்டார்கள்.

மழை விட்டிருந்தது. மூட்டையோடு குட்டை ஓரமாக நடந்தேன். அக்கா துணியைக் கல்லில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா கெளம்பிட்ட?”

“காவேரிப்பட்டினம். ரைஸ்மில்லுல ஆள் கேக்கறாங்களாம்.”

“தட்டான் வேலை?”

“பறந்துடுச்சுக்கா.”

“நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

ஊறுகாய் பாட்டிலை நான் கையோடு கொண்டுவந்துவிட்டேன். மணலைக் கொட்டிக் கழுவினேன். ரைஸ்மில்லில் இருந்தவரை அதில் உப்பு வைத்திருந்தேன். நல்ல கனமான பாட்டில்.